மண் சூடேறும் வரை

டொராண்டோவில் ஏப்ரல் மாதத்தின் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி விடியும். வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். ஐந்து மாதம் தடித்த அங்கிக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் அரைக்கைச் சட்டையோடு வெளியே வருவார்கள். அன்று மாலைக்குள் நாற்றுக்கடைகளில் தக்காளியும் மிளகாயும் தட்டுத் தட்டாக விற்றுப் போகும். நான்கைந்து நாளில் இரவுக் குளிர் திரும்பிவந்து அந்த நாற்றுகளை வெந்நீரில் முக்கியெடுத்த கீரை போலத் துவளவைத்துவிடும். மறு ஞாயிறு அதே ஆட்கள் அதே கடைக்கு வருவார்கள். கடைக்காரருக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்த ஊரில் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே பொறுக்க முடியாமல் போவது சூடேறுவதற்கு.

நமக்கு இந்தத் தவிப்பு சட்டென்று பிடிபடாது. நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மாம்பழமும் கத்திரி வெயிலும். வசந்தம் குளிரும் என்றால் சொல்லே முரண்படுகிறது. குளிர்நாட்டு மொழிகளிலோ இதற்கென்றே பெயர்கள் இருக்கின்றன. பூக்களைப் பார்த்துப் பொறாமைப்படும் குளிர் என்று கொரியர்கள் சொல்கிறார்கள். செர்ரி மலரும் நாட்களில் எட்டிப் பார்க்கும் குளிரை ஜப்பானியர்கள் பூக்குளிர் என்கிறார்கள். ரஷ்யாவில் அந்நேரம் பூக்கும் காட்டுச் செர்ரி மரத்தின் பெயரே குளிருக்கும் பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில் அது பிளாக்பெர்ரி குளிர்காலம். பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு ஆண்டுதோறும் வந்துபோகிற ஒன்றை விபத்து என்று சொல்ல முடியாது. அது வசந்தத்தின் ஓர் உறுப்பு. இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்பது என் கட்சி. தயங்கித் தயங்கி வரும் குளிர்ந்த வசந்தம் தோட்டத்துக்கு நல்லது. பயப்பட வேண்டியது முந்திக்கொண்டு வரும் வெயிலைப் பார்த்து.

முதலில், அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் ஏன் ஏமாறுகிறோம்? நம் தோல் அளப்பது காற்றையும் வெயிலையும். விதையும் வேரும் இருப்பது மண்ணில். இரண்டும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. பனி உருகிய நீர் முழுவதும் ஏப்ரல் மண்ணில் ஊறிக் கிடக்கிறது. ஒரு டிகிரி சூடேற, அதே எடையுள்ள உலர்ந்த மண்ணைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் தண்ணீருக்குத் தேவை. போதாததற்கு, மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு துளியும் தன் பங்குக்கு வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆகவே வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் பிற்பகலில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண் 7, 8 டிகிரியிலேயே நிற்கலாம். களிமண் என்றால் இன்னும் மோசம். இரவில் வேறொரு ஏமாற்று உண்டு. வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்த கருவி காட்டுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இறைத்துவிட்டு, தனக்கு மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். அறிக்கை 3 டிகிரி என்று சொன்ன இரவில் புல் நுனியில் வெள்ளையாக உறைபனி படிந்திருப்பது இதனால்தான். பகலில் நம்மை மயக்கிய அதே தெளிந்த வானம்தான் இரவில் நாற்றைக் கொல்கிறது.

உறைபனியே விழாவிட்டாலும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் இறுகிவிடும். நல்லெண்ணெய் அதே அலமாரியில் நீராகவே இருக்கும். செடிகளிலும் இப்படி இரண்டு சாதி உண்டு. ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியிருக்கும் மென்சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. பட்டாணி, பாலக் கீரை, முட்டைக்கோசு போன்ற குளிர்நிலச் செடிகளின் சவ்வு குளிரிலும் இளக்கமாக இருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல் எல்லாம் வெப்பநாட்டுப் பிறப்பு. 10, 12 டிகிரிக்குக் கீழே அவற்றின் சவ்வு இறுகி, உள்ளிருப்பதை வெளியே கசியவிடத் தொடங்கும். அவரை இனங்களில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். காய்ந்த விதை முதன்முதலாகத் தண்ணீர் குடிக்கும் சில மணி நேரம்தான் அதற்கு மிகவும் நெருக்கடியான நேரம். அந்நேரம் மண் குளிர்ந்திருந்தால் சவ்வு சரியாகக் கூடாமல் விதைக்குள்ளிருக்கும் சர்க்கரை மண்ணில் கசியும். பூஞ்சைக்கும் விதையைக் குடையும் புழுவுக்கும் அது விருந்தழைப்பு. பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் விதை இருந்த இடத்தில் கூழ்தான் இருக்கும். தக்காளி நாற்று சாவதில்லை, மலைத்து நிற்கும். குளிர்ந்த மண்ணிலிருந்து பாஸ்பரஸை எடுக்க வேர் திணறுவதால் இலையின் அடிப்புறம் ஊதாவாக மாறும். இதைப் பார்த்து உரம் போடுபவர்கள் உண்டு. உரம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாதது சூடு.

இதற்கு ஒரு மறுப்பு தயாராக இருக்கிறது, அது வலுவானதும்கூட. டொராண்டோ பக்கம் உறைபனி இல்லாத காலமே ஏறத்தாழ ஐந்து மாதம்தான். அதில் மூன்று வாரத்தைக் காத்திருந்தே கழித்தால் கத்தரி எப்போது காய்க்கும், பாகல் எப்போது பந்தலேறும்? விதை சற்று முன்னதாக மண்ணுக்குள் போனால் அந்த அளவு லாபம்தானே என்பது இயல்பான கேள்வி. இதற்கு விடை கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரிங்டன் 1950களில் வெளியிட்ட ஓர் அட்டவணையில் இருக்கிறது. எந்தக் காய்கறி விதை எத்தனை டிகிரியில் எத்தனை நாளில் முளைக்கும் என்பதுதான் அதன் முழு உள்ளடக்கம். தக்காளி விதை 25 டிகிரி மண்ணில் 6 நாளில் முளைக்கிறது, 20 டிகிரியில் 8 நாள், 15 டிகிரியில் 14 நாள், 10 டிகிரியில் 43 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 டிகிரி மண்ணில் ஏப்ரல் 10ஆம் தேதி போட்ட விதை முளைப்பது மே 23. பொறுத்திருந்து 20 டிகிரி மண்ணில் மே 15ஆம் தேதி போட்ட விதை முளைப்பதும் மே 23. முன்னதில் 43 நாள் ஈரத்தில் கிடந்து அழுகாமல் தப்பிய விதைகள் மட்டும். பின்னதில் ஏறக்குறைய எல்லாம். அவசரப்பட்டவர் ஐந்து வாரம் முன்னே ஓடியதாக நினைத்தார், ஒரு நாள்கூட முந்தவில்லை. பருவம் குறுகியது என்பது உண்மை. அதற்காகத்தான் மார்ச் மாதமே வீட்டுக்குள், சன்னலோரத்தில் அல்லது விளக்கின் கீழ், தக்காளி நாற்று விடுகிறார்கள். மண்ணைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடிச் சூடேற்றலாம், மெல்லிய துணிப் போர்வை போட்டு இரண்டு மூன்று டிகிரி கூட்டலாம். இவையெல்லாம் செல்லும். ஏனெனில் இவை செடியின் சூழலை மாற்றுகின்றன. செடியின் இயல்பு மாறிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

இதுவரை சொன்னது குளிர்ந்த மண்ணில் அவசரப்படுவது வீண் என்பதற்கான நியாயம். குளிர் நீடிப்பதே நன்மை என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் டொராண்டோவுக்கு எதிர்க்கரைக்குப் போக வேண்டும். ஒண்டாரியோ ஏரிக்கும் நயாகரா மலைச்சரிவுக்கும் நடுவே கிடக்கும் ஒடுக்கமான நிலத்தில் பீச், செர்ரி, திராட்சைத் தோட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன. கனடா போன்ற குளிர்தேசத்தில் பீச் பழுப்பதற்குக் காரணம் அந்த ஏரி. ஆனால் நாம் நினைப்பது போல அது வசந்தத்தில் நிலத்தைச் சூடாக்குவதில்லை, குளிர்விக்கிறது. குளிர்காலம் முழுவதும் சில்லிட்டுப் போன அவ்வளவு தண்ணீரும் மெல்லத்தான் சூடேறும். அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று கரையோர மரங்களின் மொட்டுகளை அவிழவிடாமல் பிடித்துவைக்கும். உள்நாட்டில் மரங்கள் பூத்து உறைபனியில் மாட்டிக்கொள்ளும் நாட்களில் ஏரிக்கரை மரங்கள் இன்னும் கண் திறந்திருக்காது. தாமதம்தான் அங்கே காப்பீடு.

அந்தக் காப்பீடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2012 காட்டியது. ஆப்பிள் மரம் குளிரை எண்ணி வைத்துக்கொள்ளும் மரம். 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் (ரகத்துக்கு ரகம் மாறும்) கழிந்த பிறகுதான் அதன் உறக்கம் கலையும். அதன் பிறகு அது சூட்டை எண்ணத் தொடங்கும். எப்போது சூடு கிடைத்தாலும் மொட்டு அவிழும். உறங்கும் மொட்டு சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாங்கும். அதே மொட்டு மலர்ந்துவிட்டால் சுழியத்துக்குக் கீழே 2 டிகிரியிலேயே பத்தில் ஒரு பங்கு சாகும், 4 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கு. 2012 மார்ச்சில் கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் கோடையைப் போல வெயில் அடித்தது. மக்கள் பூங்காக்களில் கொண்டாடினார்கள். ஆப்பிள் மரங்கள் பல வாரம் முன்னதாகவே மலர்ந்தன. பிறகு ஏப்ரல் தன் வழக்கப்படி வந்தது. அது ஒன்றும் அசாதாரணக் குளிரல்ல, வழக்கமான ஏப்ரல் உறைபனிதான். ஒண்டாரியோ அந்த ஆண்டு தன் ஆப்பிள் விளைச்சலில் ஐந்தில் நான்கு பங்கை இழந்தது. பக்கத்து மிச்சிகனில் இழப்பு பத்தில் ஒன்பது பங்கு. 2021இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலும் இதே கதை: மார்ச் இறுதியில் வெயில், ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி, கொடிகளைக் காப்பாற்ற இரவெல்லாம் வரிசை வரிசையாக எரிந்த மெழுகுத் தீபங்கள். இந்த இரண்டு ஆண்டுகளிலும் குற்றவாளி என்று ஏப்ரலைச் சொன்னார்கள். நியாயமாகப் பிடித்திருக்க வேண்டியது மார்ச்சை.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். உலகமே சூடாகிக்கொண்டிருக்கிறது, கியோட்டோவில் செர்ரி மலரும் நாளை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து குறித்துவைத்திருக்கிறார்கள், அதுவரையிலான பதிவுகளில் மிக முந்திய நாளாக 2021 மார்ச் 26 அமைந்தது. இந்தக் காலத்தில் பழைய தேதிகளைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மூடநம்பிக்கை அல்லவா? ஒரு பாதி சரி. தேதியைக் கும்பிடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. மத்திய ஐரோப்பாவில் மே 11 முதல் 15 வரை ஐந்து புனிதர்களின் நாட்களைப் பனிப் புனிதர்கள் என்று சொல்லி, கடைசியில் வரும் குளிர்ந்த சோஃபியாளின் நாள் கழியும்வரை நாற்று நட மாட்டார்கள். ஆனால் 1582இல் கிரிகோரியன் நாட்காட்டி வந்தபோது பத்து நாள் ஒரேயடியாகத் தாண்டப்பட்டது. புனிதர்களின் தேதி அப்படியே நின்றது, பருவம் பத்து நாள் நகர்ந்துகொண்டது. கனடாவில் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா நாள். அந்த நீண்ட வார இறுதியில் நடுவதுதான் வழக்கம். ஓர் அரசியின் பிறந்தநாளுக்கும் தக்காளிக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் இல்லை, தற்செயல்தான். ஆயினும் மறுப்பின் மறு பாதி தவறு. உலகம் சராசரியில் சூடாகிறது. தெளிந்த ஓர் இரவு அந்தச் சராசரியைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. முந்திப் பூப்பதும் பழையபடியே வரும் உறைபனியும் சந்தித்துக்கொள்வதுதான் 2012இலும் 2021இலும் நடந்தது. 2020 மே 9ஆம் தேதி நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பனித் துகள் விழுந்தது. பெருந்தொற்றில் வீட்டோடு அடைபட்டு முதன்முதலாகத் தோட்டம் போட்டவர்கள் பலருக்கு அது கிடைத்த முதல் பாடம்.

தேதியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம் என்றால் எதை நம்புவது? அதைச் செடியிடமே கேட்கலாம். பிரெஞ்சு அறிவியலாளர் ரேமுர் 1735இலேயே ஒன்றைக் கவனித்தார்: ஒரு பயிர் ஒரு நிலையை எட்டுவதற்கு இத்தனை நாள் என்பதைவிட, நாளுக்கு நாள் சேரும் சூட்டின் கூட்டுத்தொகை இத்தனை என்பதே பொருந்திவருகிறது. அடுத்த ஆண்டு, 1736இல், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் முதல் பூ, முதல் இலை, முதல் தவளைக் குரல் எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதத் தொடங்கினார். அவர் வம்சத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். வட அமெரிக்காவில் ஓக் மரத்தின் இளந்துளிர் அணிலின் காதளவு ஆனதும் மக்காச்சோளம் ஊன்று என்பது பழைய வாய்மொழி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஓக் மரமும் சூட்டைக் கூட்டிக்கொண்டே வருகிறது, தவறாமல். ஆடிப் பட்டம் தேடி விதை என்பதில் உள்ள 'தேடி' என்ற சொல்லை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். பட்டம் நாட்காட்டியில் அச்சாகி வருவதில்லை, மழையையும் மண்ணின் பதத்தையும் பார்த்துத் தேட வேண்டியது.

பொறுமையின்மைதான் தோட்டக்காரரை இயக்கும் எஞ்சின், அதை அணைத்துவிட்டால் யார் மண்ணில் இறங்குவார்கள் என்று கேட்கலாம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1929இல் தோட்டக்காரரின் ஓராண்டைப் பற்றி மாதம் மாதமாக ஒரு நகைச்சுவை நூலே எழுதினார். அதில் பரபரப்பு இல்லாத தோட்டக்காரர் ஒருவரும் கிடையாது. அணைக்க வேண்டாம், வேறு பக்கம் திருப்பினால் போதும். ஹாரிங்டனின் அதே அட்டவணையில் பாலக் கீரை 5 டிகிரியில் 23 நாளில் முளைக்கிறது. பட்டாணியும் அந்தக் குளிரில் முளைக்கும். வெயில் ஏறிய பிறகு விதைத்தால்தான் அது சரியாகக் காய்க்காது. சாலட் கீரையான லெட்டூஸ் விதைக்கு மண் மிகவும் சூடானால் முளைப்பே நின்றுபோகும். ஆக, கத்தரிக்குக் காத்திருக்கும் ஆறு வாரம் வெற்றுக் காத்திருப்பு அல்ல, வேறு பயிர்களின் பட்டம். செய்யாமல் இருக்க வேண்டியவையும் உண்டு. மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உதிராமல் உருண்டையாகவே நிற்கிறதா, அப்போது அதன்மேல் நடக்கவோ கொத்தவோ கூடாது. ஈர மண் மிதிபட்டால் அதன் காற்றுத்துளைகள் மூடி, கோடை முழுவதும் செங்கல்லாகக் கிடக்கும். போன ஆண்டுச் சருகைக் கூட்டித் தள்ளும் அவசரமும் வேண்டாம். அதற்குள்ளும் அதன் அடியிலும் குளிர்காலத்தைக் கழித்த பூச்சிகள் இன்னும் எழவில்லை.

பின்கட்டில் நின்று பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த வாரங்கள் வறண்டவையும் அல்ல. பனி முழுதும் கரையும் முன்பே குரோக்கஸ் பூவில் பம்பிள் தேனீயின் ராணி ஒன்று வந்து உட்காரும். வெளியே 8 டிகிரி இருக்கும். இறகை அசைக்காமல் வைத்துக்கொண்டு பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி நடுக்கி, மார்புப் பகுதியை 30 டிகிரிக்குச் சூடேற்றிய பிறகே அது எழும்பும். செம்மார்பு ராபின் புல்லில் தலையைச் சாய்த்து நின்று மண்புழுவை இழுக்கும். மேப்பிள் மரத்தில், இரவு உறைந்து பகல் இளகும் நாட்களில் மட்டுமே சாறு சுரக்கும். சட்டென்று வெயில் ஏறினால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். குளிர் இழுத்துக்கொண்டே போகட்டும் என்று வேண்டிக்கொள்பவர்களும் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் பக்கத்து மார்க்கமிலும் தமிழர் வீட்டுப் பின்வளவுகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் கூர்மையானது. கத்தரியும் பாகலும் புடலையும் அங்கே ஒரு கோடைக்குத்தான் ஆயுள். குளிர்காலம் முழுவதும் வரவேற்பறைச் சன்னலில் பொத்திப் பாதுகாத்த கறிவேப்பிலைத் தொட்டி வெளியே போக வேண்டும். அதைத்தான் முதல் வெயில் நாளில் தூக்கிக்கொண்டு போய் வைத்து, ஒரே வாரத்தில் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது என்று புலம்புவார்கள். குளிர் மட்டும் காரணமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைக்கு நேரடி வெயிலும் புதிது, காற்றும் புதிது. இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு, முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்து நாளில் பழக்கினால் இலை நிற்கும். காய்கறிக்கு ஒரு மண் வெப்பமானி போதும். நாற்று ஒரு தட்டு வாங்கும் காசுக்குக் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறும் முன், பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் குத்திப் பாருங்கள். தொடர்ந்து நான்கைந்து நாள் 15 டிகிரிக்கு மேல் காட்டினால் அவரை ஊன்றலாம். வெண்டைக்கு 20 ஆகட்டும். அதற்குக் கீழே நின்றால் கருவியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, பட்டாணிக்குக் கொழுகொம்பு நடுங்கள்.